79 பாகை 49 கலை: மன்னார்க் கரையின் தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கைமாரே,

தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி என்று தீவுக்குள்ளும், பாலம் கடந்து வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு என்று கரையோரத்திலும் இருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை எடுத்துப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். மைக்ரோகொன்ட்ரோலர்களுக்குச் செய்நிரல் எழுதுவது என் தொழில். ஊருக்கு வருகிற நாட்களில் உங்களில் பலர் உங்கள் செயற்றிட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறீர்கள். அந்த ஆர்வத்தைப் பார்க்கிறபோது எனக்கு வருகிற சந்தோசம் பெரியது. கூடவே மனதை அரிக்கிற ஒன்றும் இருக்கிறது. அதை வேறு ஆட்களிடம் சொல்லிப் பயனில்லை. உங்களிடமே சொல்லவேண்டும்.

"அண்ணா, இது வேலை செய்யுதில்லை" என்று போர்ட்டை நீட்டுகிறீர்கள். முழுச் செயற்றிட்டத்தையும் திறந்து காட்டச் சொன்னால் திரையில் வருவது ஒரேயொரு கோப்பு. எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டிய கோப்பு. அது எந்தப் போர்ட்டுக்காக எழுதப்பட்டது, எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு அதற்கு வேண்டும், எந்தப் பின்னில் எதைக் கொழுவவேண்டும், இவை எதுவும் அந்தக் கோப்போடு வந்து சேரவில்லை. மேலே இருக்கிற இன்க்ளூட் வரிகள் எல்லாம் சிவப்புக் கோட்டோடு நெளிந்துகொண்டிருக்கின்றன. ஏன் சிவப்பு என்று கேட்டால் "அது அப்படித்தான் அண்ணா, காட்டும்" என்கிறீர்கள். பிறகு ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கிறீர்கள், போர்ட்டில் ஏற்றிப் பார்க்கிறீர்கள், இன்னொரு எண்ணை மாற்றுகிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு மாற்றத்தில் விளக்கு எரிந்துவிடுகிறது. எது அதை எரிய வைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் ஆசிரியர் புள்ளி போட்டுவிடுகிறார்.

இதற்கு உங்களை நோவதில் நியாயமில்லை. 2013இல் தொழில்நுட்பப் பிரிவு உயர்தரத்துக்கு வந்தபோது எங்களைப் போன்ற கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வாசல் திறந்தது. கணிதப் பிரிவுக்கும் விஞ்ஞானப் பிரிவுக்கும் ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகளில்கூடப் பிள்ளைகள் பொறியியலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் நடைமுறையில் புள்ளி கிடைப்பது விளக்கு எரிந்ததற்குத்தான். அந்தச் செய்நிரல் உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று உட்கார்ந்து விசாரிக்கப் பல இடங்களில் நேரமுமில்லை, ஆளுமில்லை. தமிழில் எழுதிய கையேடும் அரிது. வாசிக்கச் சொல்லித்தராமல் எழுதச் சொல்லித் தந்திருக்கிறோம். அந்தக் குறை பெரியவர்களான எங்களுடையது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விசயமாகப் படுகிறது என்றால், உங்களைச் சுற்றியிருக்கிற கரையை ஒருதரம் பாருங்கள். தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. 2020 டிசெம்பரில் திறந்தவை, ஒவ்வொன்றும் 3.45 மெகாவோட், மொத்தம் 103.5 மெகாவோட். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உணரி சொல்ல, தலையை அந்தப் பக்கம் திருப்புவதும், இறகின் கோணத்தை மாற்றுவதும், காற்று மிஞ்சினால் சுழற்சியை நிறுத்துவதும் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் படகுகளில் அவை எங்கே நிற்கின்றன என்று செய்மதி வழியாகச் சொல்லும் கருவி இருக்கிறது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் அப்படியான கண்காணிப்பு இல்லாததும் ஒன்று. அந்தத் தடை 2016இல்தான் நீங்கியது. எங்கள் சிறு பைபர் படகுகளில் கையடக்க ஜிபிஎஸ் இருக்கிறது. வீட்டு மின்மானிக்குள்ளும் மீன் நிறுக்கும் தராசுக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் யாரோ எழுதிய ஒரு செய்நிரல் ஓடுகிறது.

அந்த யாரோ எங்கள் ஆள் இல்லை. பெரும்பாலானவை நிறுவனங்களின் மூடிய சொத்து, எங்களால் திறக்கவும் முடியாது. ஆனால் எல்லாமே மூடியவை என்று நீங்கள் நம்பிவிடக்கூடாது. உலகத்தில் இன்று நல்ல தரமான உட்பொதி மென்பொருட்கள் ஏராளமாக மூலத்தோடு திறந்து கிடக்கின்றன. 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் அவற்றில் ஒன்று. கைபேசிச் சிக்னல் எட்டாத இடத்தில் லோரா ரேடியோ உள்ள சின்னப் போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தியையும் இருப்பிடத்தையும் கைமாற்றிக்கொண்டு போகிற முறை அது. எங்கள் கடலுக்கு இதன் பயன் என்னவாக இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரேடியோ அலை பரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டு, அவற்றைப் பார்க்காமல் இயக்கக்கூடாது. வாசிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மெஷ்டாஸ்டிக்கின் முழு மூலமும் உங்கள் பாடசாலைக் கணினியில் இன்றைக்கே திறக்கக்கூடியது. ஆனால் அதற்கு முன்னால் சின்னதாக ஒன்றைத் திறப்போம். இந்த மடலின் முக்கியமான பகுதி இனித்தான், கணினிக்கு முன்னால் இருந்து வாசியுங்கள்.

ஒரு ஜிபிஎஸ் மொடியூலிலிருந்து இருப்பிடத்தை எடுத்துத் திரையில் காட்டுகிற சிறு செயற்றிட்டத்தை எடுங்கள். விஎஸ் கோட், அதனுள் பிளாட்ஃபார்ம்ஐஓ, இரண்டும் இலவசம். பிரதி எடுத்து ஒட்டுகிற பழக்கத்தை இங்கேயே விடுங்கள். "ஓபன் போல்டர்" கொடுத்துக் கோப்புறையைத் திறங்கள். எந்தக் கோப்புறை என்பதில் கவனம் வேண்டும். பிளாட்ஃபார்ம்ஐஓ டொட் ஐஎன்ஐ என்ற கோப்பு எந்தக் கோப்புறைக்குள் நேராக இருக்கிறதோ அதைத்தான் திறக்கவேண்டும். அதற்கு ஒரு படி மேலேயோ, அதனுள் இருக்கிற எஸ்ஆர்சி கோப்புறையையோ திறந்தால் எடிட்டருக்கு இது ஒரு செயற்றிட்டம் என்றே தெரியாது, சிவப்புக் கோடுகள் வரும், நீங்கள் செய்நிரலில் பிழை தேடத் தொடங்கிவிடுவீர்கள். ஆர்டுயினோவின் சொந்த எடிட்டரிலும் இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு உண்டு: ஐஎன்ஓ கோப்பு அதே பெயருள்ள கோப்புறைக்குள் இருக்கவேண்டும்.

முதலில் வாசிக்கவேண்டியது அந்த ஐஎன்ஐ கோப்பைத்தான். பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். எந்தப் போர்ட், எந்த அடித்தளம், எந்த லைப்ரரிகள், திரையில் பார்க்கும் வேகம் எவ்வளவு, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். "சீரியல் மொனிட்டரில் விளங்காத எழுத்தெல்லாம் வருகிறது" என்று உங்களில் எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறீர்கள்! செய்நிரல் 115200 வேகத்தில் பேசுகிறது. மொனிட்டர் வேகம் ஐஎன்ஐ கோப்பில் எழுதப்படாவிட்டால் பிளாட்ஃபார்ம்ஐஓ 9600 என்று எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொழுவத் தேவையே இல்லை.

அடுத்தது, எதையும் மாற்றாமல் கொம்பைல் செய்யுங்கள். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல். கீழே இருக்கிற சரிக்குறியை அழுத்தினால் முடிவில் ரெம் எவ்வளவு சதவீதம், பிளாஷ் எவ்வளவு சதவீதம் என்று இரண்டு வரி வரும். அந்த இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் கணினியில் இந்தச் செயற்றிட்டம் கைவைக்கப்படாத நிலையில் சரியாகக் கட்டப்படுகிறது என்பதற்கு அது சாட்சி. நாளைக்கு ஏதாவது உடைந்தால் உடைத்தது நீங்கள் செய்த மாற்றம்தான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, பிழை வந்ததா, முதலிலிருந்தே இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. கிழிந்த வலையைக் கரையில் முழுக்க விரித்துப் பார்த்துவிட்டுத்தானே உங்கள் அப்பாமார் பொத்தத் தொடங்குகிறார்கள்.

டேட்டாச் செலவு எனக்கும் தெரியும். முதல் தடவை கொம்பைல் செய்யும்போது கருவிகள் எல்லாம் இணையத்திலிருந்து இறங்கும், அது நூற்றுக்கணக்கான மெகாபைட். எல்லோரும் தனித்தனியே இறக்கத் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கணினியில் இறக்குங்கள். பயனர் கோப்புறைக்குள் புள்ளியோடு தொடங்கும் பிளாட்ஃபார்ம்ஐஓ என்ற கோப்புறையில் அவை முழுவதும் வந்து உட்காரும். அதே இயங்குதளம் உள்ள மற்றக் கணினிகளுக்குப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். செயற்றிட்டத்துக்குள் புள்ளியோடு தொடங்கும் பிஐஓ என்று இன்னொரு கோப்புறை இருக்கும். கொம்பைல் செய்ததன் விளைவுகளும் இறங்கிய லைப்ரரிகளும் அதற்குள் கிடக்கின்றன. அதை அழித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, லைப்ரரிகளை மட்டும் மறுபடி இறக்கவேண்டி வரும். அதற்குள் போய் ஒரு வரியை மாற்றிவிட்டு, மாற்றம் காணாமல் போனதென்று அழக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது செய்நிரலுக்குள் வாருங்கள். செட்அப், லூப் என்று இரண்டு சார்புகளைப் பார்ப்பீர்கள். அவற்றைக் கூப்பிடுவது யார் என்று எப்போதாவது தேடியிருக்கிறீர்களா? ஊனோ போர்ட்டில் ஆர்டுயினோவின் அடித்தளத்துக்குள் ஒரு மெயின் கோப்பு இருக்கிறது. அது வன்பொருளைத் தயார் செய்கிறது, செட்அப்பை ஒரு தடவை கூப்பிடுகிறது, பிறகு முடிவில்லாமல் லூப்பைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஈஎஸ்பி32 போர்ட்டில் கதை வேறு. அங்கே ஃப்ரீஆர்டோஸ் என்ற சிறு இயங்குதளம் முதலே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் செட்அப்பும் லூப்பும் அதனுள் ஒரு வேலையாக மட்டும் ஓடுகின்றன. அந்த வேலைக்கு ஒதுக்கிய ஸ்டக் நினைவகம் வழக்கமாக 8 கிலோபைட். லூப்புக்குள் பெரிய அணி ஒன்றை அறிவித்ததும் போர்ட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். போர்ட் பழுது என்று தூக்கிப் போட்டவற்றை எடுத்து வைத்திருங்கள்.

இனி ஒரேயொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அது எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம். மொத்தச் செயற்றிட்டத்தையும் முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை வாசிக்க முனைந்தால் இரண்டாம் நாளே களைத்துவிடுவீர்கள். ஒரு எண்ணின் வழியே போனால் களைக்காது.

பேசாலைக் கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் ஏறத்தாழ 9 பாகை 5 கலை வடக்கு, 79 பாகை 49 கலை கிழக்கு. 60 கலை ஒரு பாகை. ஜிபிஎஸ் மொடியூல் விநாடிக்கொரு தடவை, காற்புள்ளிகளால் பிரித்த வரிகளை அனுப்புகிறது. அதில் ஒரு துண்டு 0905.0000, இன்னொரு துண்டு 07949.0000. பாகையும் கலையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இதைத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? நூறால் வகுப்பார். 9.05, 79.49 என்று வரும். பார்க்க எவ்வளவு நியாயமான எண்கள்! உலகப் படத்தில் போட்டால் எங்கள் பக்கத்துக் கடல்தான் வரும். புள்ளியும் கிடைக்கும்.

ஆனால் 49 கலை என்பது 0.49 பாகை இல்லை, 49ஐ 60ஆல் வகுக்கவேண்டும். சரியான விடை 79.8167. அந்தப் பிழையான எண் உங்களைப் பேசாலையிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீற்றர் மேற்கே கொண்டுபோய் வைக்கிறது. அது எந்த இடம் தெரியுமா? 1974இலும் 1976இலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்படிக்கைகளில் எல்லைப் புள்ளிகள் எண்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகளுக்கு அருகே அந்தக் கோடு 79 பாகை 32 கலையில் இருக்கிறது, கொஞ்சம் தெற்கே போக 31.3 கலைக்கு நகர்கிறது. 79.49 பாகை என்பது 79 பாகை 29.4 கலை. அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம், நான்கு கிலோமீற்றர் அளவில் இந்தியக் கடலுக்குள். பேசாலைக் கரையில் மணலில் நிற்கிற ஒரு படகை ஒரு வகுத்தல் எல்லை தாண்ட வைத்துவிட்டது.

எல்லை தாண்டுவதற்கு எங்கள் கரையில் என்ன அர்த்தம் என்பதை நீங்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அதற்குப் பிறகும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன என்ற முறைப்பாடு ஓயவில்லை. வலையை இழந்தவர் முறையிடப் போனால் முதலில் கேட்கப்படுவது, எந்த இடத்தில் என்ற கேள்விதான். அந்த இடத்தைச் சொல்கிற கருவிக்குள் ஓடுகிற செய்நிரல் சரியா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கவேண்டாமா? அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன்.

சரியான முறையை எங்கே பார்ப்பது? நீங்கள் பயன்படுத்துகிற டைனிஜிபிஎஸ் பிளஸ்பிளஸ் லைப்ரரிக்குள்ளேயே. மிக்கால் ஹார்ட் எழுதியது, மூலம் முழுவதும் திறந்தது. உங்கள் செய்நிரலில் அகலாங்கைக் கேட்கிற வரியில் சுட்டியை வைத்து எஃப்12 அழுத்துங்கள். எடிட்டர் உங்களை லைப்ரரிக்குள் கூட்டிக்கொண்டு போகும். அங்கே முழுப் பாகை ஒன்று, பாகையின் நூறுகோடியில் ஒரு பங்காக எண்ணிய மிச்சம் ஒன்று, இரண்டையும் கூட்டித் தருகிற சிறு சார்பு இருக்கும். அந்த இரண்டையும் நிரப்பியது யார்? ஷிஃப்ட்டும் எஃப்12உம் சேர்த்து அழுத்துங்கள், அந்த மாறி பயன்படும் இடங்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகப் போனால் பார்ஸ்டிகிரீஸ் என்ற சார்பில் போய் நிற்பீர்கள். மொத்தமே இருபது வரி அளவில்தான் இருக்கும். கொப்பியை எடுத்துக்கொண்டு கையால் செய்து பாருங்கள்.

905ஐ 100ஆல் வகுத்தால் ஈவு 9, அது பாகை. மீதி 5, அது கலை. கலையை ஒரு கோடியால் பெருக்குகிறார், 5,00,00,000. பிறகு அதை 5ஆல் பெருக்கி, 1 கூட்டி, 3ஆல் வகுக்கிறார். 8,33,33,333 வருகிறது. அதாவது 0.083333333 பாகை. எதற்கு இந்த ஐந்தும் மூன்றும்? கலையிலிருந்து பாகைக்குப் போக 60ஆல் வகுக்கவேண்டும், கோடியில் பங்கிலிருந்து நூறுகோடியில் பங்குக்குப் போக 100ஆல் பெருக்கவேண்டும். 100/60 சுருங்கி 5/3 ஆகிவிட்டது. தசமமே இல்லாமல் முழு எண்களாலேயே கணக்கை முடித்திருக்கிறார், ஏனென்றால் ஊனோ போன்ற சின்னப் போர்ட்டில் தசம எண்ணுக்கு ஏழு இலக்கத் துல்லியத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்த ஒரு வரியைக் கண்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சி உங்களுக்கும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நெட்டாங்கையும் செய்யுங்கள். மீதி 49, கோடியால் பெருக்க 49,00,00,000. ஐந்தால் பெருக்க 245,00,00,000. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த மாறி எந்த வகை என்று பாருங்கள். குறியில்லாத 32 பிட் முழு எண். அதில் 429 கோடிக்கு மேல் வரை கொள்ளும், பிரச்சினை இல்லை. குறியுள்ள 32 பிட் எண்ணாக இருந்தால் 214 கோடி சொச்சத்தோடு இடம் முடிந்துவிடும். 245 கோடி அதற்குள் அடங்காது, எண் எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். கலை 42.9ஐத் தாண்டுகிற இடங்களில் எல்லாம் இது நடக்கும். எங்கள் தீவின் பெரும்பகுதி 79 பாகை 43 கலைக்குக் கிழக்கே கிடக்கிறது. அதாவது யாரோ ஒருவர் அழகுக்காக அந்த வகையை மாற்றியிருந்தால், கலை 20, 30 என்று வருகிற ஒரு ஊரில் இருந்துகொண்டு சோதிக்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மன்னாருக்கு வந்ததும் பிழைக்கும். எங்கள் ஊருக்காக எங்கள் ஊரில் இருந்தே சோதிக்கிற ஆள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா?

எண் தன் இடத்துக்குள் அடங்காமல் போவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1996 யூன் 4ஆம் திகதி ஏரியன் 5 ரொக்கெட் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதல்முறையாக ஏவப்பட்டு ஏறத்தாழ 40 விநாடிகளில் வெடித்தது. முந்தைய ஏரியன் 4இன் செய்நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ரொக்கெட்டின் வேகத்துக்கு அதிலிருந்த ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. விசாரணை அறிக்கை வெளிவந்தது, உலகம் முழுக்கப் படித்தது. பழைய செயற்றிட்டத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள், புதிய இடத்தின் எண்களை வைத்து அதை வாசித்துப் பார்க்கவில்லை. நீங்கள் இணையத்திலிருந்து கொண்டுவருகிற ஒவ்வொன்றும் இன்னொரு இடத்துக்காக எழுதப்பட்டதுதான்.

இந்தச் சின்னச் செயற்றிட்டம் முடிந்தபின் மெஷ்டாஸ்டிக்கைத் திறங்கள். அது பெரியது, பயப்படவேண்டாம். ஜிபிஎஸ், மெஷ், மொடியூல்ஸ் என்று எஸ்ஆர்சிக்குள் கிளைகள் விரியும். வேரியண்ட்ஸ் என்ற கோப்புறையில் எத்தனையோ போர்ட்டுகளுக்கான குறிப்புகள் தனித்தனியே கிடக்கும். உங்கள் கையில் இருக்கிற போர்ட்டின் கோப்புறையை மட்டும் திறந்து, ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் எந்தெந்தப் பின்களில் என்று எழுதுங்கள், மற்றவற்றை விடுங்கள். கீழ்ப்பட்டையில் எந்த என்வயன்மென்ட் தெரிவாகியிருக்கிறது என்று பார்க்க மறக்கவேண்டாம். செய்நிரலில் சில பகுதிகள் சாம்பல் நிறமாகத் தெரியும், அவை தெரிவு செய்த போர்ட்டுக்குப் பொருந்தாதவை. தெரிவு பிழைத்தால் ஓடாத வரிகளை ஓடுபவை என்று நினைத்து வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, ஸிப் கோப்பாக இறக்காமல் கிட் வழியாக, உள்ளே சேர்த்த செயற்றிட்டங்களையும் கொண்டுவரும்படி சொல்லி எடுங்கள். ஒரு செயற்றிட்டம் இன்னொன்றைத் தன்னுள் சேர்த்து வைத்திருந்தால் ஸிப்பில் அந்தக் கோப்புறை வெறுமையாக வரும். பிறகு அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். பாகையைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாகவே ரேடியோவில் அனுப்புகிறார்கள் என்று காண்பீர்கள். பேசாலையின் நெட்டாங்கு 79,81,66,667. அது குறியுள்ள 32 பிட்டுக்குள் அடங்குமா? இப்போது உங்களால் சொல்ல முடியும்.

நீங்கள் சொல்லப்போகிற காரணங்கள் எனக்குத் தெரியும். ஆங்கிலம் விளங்காது என்பீர்கள். செய்நிரலில் வரும் ஆங்கிலம் பெரும்பாலும் சில நூறு சொற்களுக்குள் அடங்கும், க.பொ.த. சாதாரண தரத்தில் நீங்கள் பாடமாக்கியதைவிடக் குறைவு. போர்ட் வாங்கக் காசில்லை என்பீர்கள். மேலே நான் சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் போர்ட்டே தேவையில்லை, திறக்க, கொம்பைல் செய்ய, வழி பிடித்துப் போக ஒரு பழைய கணினி போதும். ஓட்டிப் பார்க்க வொக்வி போன்ற இலவசப் பாவனையாக்கிகள் இருக்கின்றன. "ஏஐயிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறதே அண்ணா" என்பீர்கள். தரும். நூறால் வகுத்தும் தரும், அறுபதால் வகுத்தும் தரும். இரண்டும் ஒரேமாதிரி நம்பிக்கையோடு வரும். எது பேசாலை, எது இந்தியக் கடல் என்று சொல்வதற்கு வாசிக்கத் தெரிந்த நீங்கள்தான் அங்கே இருக்கவேண்டும்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருக்கிற ஒரு கணினி தம்பிக்கோ அண்ணாவுக்கோ முதலில் போகிறது என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். பாடசாலைக் கணினியில் உங்கள் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். என்னோடு வேலை செய்கிறவர்களில் மற்றவர் எழுதியதை மிக நுணுக்கமாக வாசித்துப் பிழை பிடிப்பவர்கள் பெண்கள்.

2025 ஓகஸ்டிலிருந்து மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து வீதியில் இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள், சிலர் கூடவே நின்றீர்கள். அந்த வாதங்களில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு உயர்கிறது, முன்பு எப்படி இருந்தது என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. அந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதையும் உலுக்கியபோதும் அதே கேள்விகள். விடை சொல்ல அளவீடு வேண்டும். ஒரு மீயொலி உணரியும் ஒரு போர்ட்டும் இருந்தால் உங்கள் தெருவின் நீர்மட்டத்தை நீங்களே பதிவு செய்யலாம், அது இன்று பெரிய செலவில்லை. ஆனால் "உங்கள் எண் எப்படி வந்தது?" என்று ஒரு அதிகாரியோ ஒரு நிபுணரோ கேட்டால், உணரியிலிருந்து திரை வரை ஒவ்வொரு வரியாகத் திறந்து காட்டத் தெரியவேண்டும். அப்போதுதான் அந்த எண் உங்கள் ஊருக்குச் சாட்சியாக நிற்கும்.

ஆகவே இந்த விடுமுறையில் நான் கேட்பது இதுதான். மூன்று நான்கு பேராகச் சேருங்கள். யாரோ எழுதிய ஒரு முழுச் செயற்றிட்டத்தைத் தெரிவு செய்யுங்கள், ஜிபிஎஸ் என்றால் நல்லது. எதையும் மாற்றாமல் திறந்து, கொம்பைல் செய்து, ஒரேயொரு எண்ணைப் பின்னிலிருந்து திரை வரை பின்தொடருங்கள். போகிற வழியை ஒரு 80 பக்கக் கொப்பியில் தமிழில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் போர்ட்டின் பெயர், லைப்ரரிகளின் பதிப்பு, கைவைக்காமல் கட்டியபோது வந்த ரெம், பிளாஷ் சதவீதங்கள். அடுத்த பக்கங்களில் எந்தக் கோப்பு எதற்கு என்று ஒவ்வொரு வரி. அதன்பின் உங்கள் எண்ணின் பயணம், கையால் செய்த கணக்கோடு, உங்கள் ஊரின் பாகையையும் கலையையும் வைத்து. விளங்காத வரிகளை விளங்கவில்லை என்றே எழுதி, கோப்பின் பெயரையும் வரி இலக்கத்தையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த தவணை தொடங்கும்போது அந்தக் கொப்பியை உங்களுக்குக் கீழே வருகிற வகுப்புக்குக் கொடுங்கள். அவர்கள் அந்த விளங்காத வரிகளிலிருந்து தொடங்கட்டும். நான் அடுத்தமுறை ஊருக்கு வரும்போது போர்ட்டை நீட்டுவதற்கு முதல் அந்தக் கொப்பியை நீட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன்